வைக்கோல் மின் நிலையத்துக்கு இடம் பார்க்கும்போது நேரும் தவறுகள்

பஞ்சாபில் நெல் அறுத்த வயலுக்குத் தீ வைப்பதைவிட அந்த வைக்கோலில் மின்சாரம் எடுப்பது எவ்வளவோ மேல். ஃபதேகர் சாகிப் மாவட்டம் ஜல்கேரியில் 10 மெகாவாட் நிலையம் 1992-லேயே வந்துவிட்டது. ஆனால் இடம் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது நிலத்தின் விலையை. நிலத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும். வைக்கோலுக்கு வருஷா வருஷம் கொடுக்க வேண்டும்.

10 மெகாவாட் நிலையம் நன்றாக ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 85,000 டன் வைக்கோல் தேவை. ஏக்கருக்கு இரண்டரை டன் என்று வைத்தாலும் 34,000 ஏக்கர் வேண்டும். மாவட்டத்தின் மொத்த விளைச்சலைப் பார்த்து ‘தாராளமாகக் கிடைக்கும்’ என்று எழுதிவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பாசுமதி வைக்கோல் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. சில விவசாயிகள் வைக்கோலை வயலிலேயே விட்டு கோதுமை விதைக்கிறார்கள். சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022-இல் திறந்த உயிரி எரிவாயு ஆலைக்கும் இதே வைக்கோல்தான் வேண்டும். இப்படிப் பக்கத்தில் இன்னொரு ஆலை வந்தால் விலை ஏறும். ஆக, மிச்சம் எவ்வளவு, அதை யார் யார் கேட்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரிக்க வேண்டும். நம் தஞ்சைப் பக்கத்தில் மாட்டுக்குப் போக மீதி என்ன என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்தது காலம். பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவுக்குள் நெல்லை அறுத்து, வைக்கோலை அள்ளி, கோதுமை விதைத்தாக வேண்டும். அந்தச் சில வாரங்களில் பேலர் (வைக்கோலை அழுத்திக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) வைத்துக் கட்டியதை வருஷம் முழுக்கக் காப்பாற்ற வேண்டும். ஆலைக்கு மட்டும் நிலம் வாங்கிவிட்டு, கட்டுகளை அடுக்க இடமில்லாமல் தவிப்பது அதனால்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் ஒரு பொறி போதும். மேட்டு நிலமாக, ஊருக்கு ஊர் பிரித்து, வைக்கோற்போர்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டு அடுக்குவதே பாதுகாப்பு. நனைந்த கட்டு மக்கும், பாய்லரிலும் சரியாக எரியாது.

வரைபடத்தில் 25 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுவிட்டால் தூரம் தெரிந்துவிடாது. நடுவில் கால்வாய் இருக்கும், ரயில்வே கேட் இருக்கும், டிரெய்லர் திரும்ப முடியாத தெரு இருக்கும். வைக்கோல் எடையில் லேசு, அடைக்கும் இடமோ அதிகம். வண்டி நிறைந்தாலும் டன் கணக்கில் குறைவாகவே ஏறும். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவுதான்.

துணை மின் நிலையம் அருகில் இருக்கிறதா என்று எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். தண்ணீரையும் சாம்பலையும் மறந்துவிடுகிறார்கள். பஞ்சாபில் பெரும்பாலான வட்டாரங்களில் நிலத்தடி நீரை ஏற்கெனவே அளவுக்கு மீறி உறிஞ்சியாயிற்று. ஆழ்துளைக் கிணற்றை நம்பித் திட்டம் போடக்கூடாது, நீராவியைத் தண்ணீருக்குப் பதில் காற்றால் குளிர்விக்கும் அமைப்புக்கான செலவை முதலிலேயே சேர்க்க வேண்டும். நெல் வைக்கோலில் சாம்பல் 15 முதல் 20 சதவீதம். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் டன்னுக்கு மேல் சேரும். அதை எங்கே கொண்டுபோவது, காற்று ஊர்ப்பக்கம் வீசுமா என்பதை நிலம் பதிவு செய்வதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.