பிள்ளையின் தூக்கத்தை எண்ணிப் பார்ப்பது எப்படி?

"பையன் சரியாகவே தூங்குவதில்லை, டாக்டர்" என்றால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. வாரத்தில் எத்தனை இரவு, என்ன நடந்தது என்று சொன்னால் பிடிபடும். அதற்கு உதவும் வினாத்தாள்தான் சி.எஸ்.எச்.க்யூ. (Children's Sleep Habits Questionnaire, அதாவது பிள்ளைகளின் தூக்கப் பழக்க வினாத்தாள்). அமெரிக்காவில் ஜூடித் ஓவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கானது. பதில் எழுதுபவர் பெற்றோர்.

முதலில் எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள். கடந்த வாரம்தான் கணக்கு. ஆனால் அதில் காய்ச்சலோ ஊர்ப் பயணமோ குறுக்கிட்டிருந்தால், அதற்கு முன் வழக்கம்போல் கழிந்த வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மதிப்பெண். ஒரு சிக்கல் வாரத்தில் 5 முதல் 7 முறை வந்தால் 3; 2 முதல் 4 முறை என்றால் 2; ஒரு முறையோ, வரவே இல்லையோ என்றால் 1. "அடிக்கடி" என்ற நினைப்பை நம்பாமல் விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டு இரவு தூக்கம் கெட்ட தாய்க்கு வாரம் முழுவதும் கெட்டதாகவே தோன்றும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான்: சில கேள்விகள் நல்ல பழக்கத்தைக் கேட்கின்றன. "தினமும் ஒரே நேரத்தில் படுக்கிறாள்", "20 நிமிடத்துக்குள் தூங்கிவிடுகிறாள்" போன்றவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 5 முதல் 7 முறை என்றால் 1. இதை மறந்தால் நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையும் நோயாளியாகிவிடும்.

இனிக் கூட்டுங்கள். கணக்கில் வருபவை 33 கேள்விகள். மொத்தம் 33-க்கும் 99-க்கும் இடையில் இருக்கும். 41 எல்லைக்கோடு; அதைத் தாண்டினால் தூக்கச் சிக்கல் இருக்கலாம். ஓவன்ஸ் குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆய்வில், தூக்கச் சிக்கலுக்காகச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளில் 80 விழுக்காட்டினரை இந்த எல்லை சரியாகக் காட்டியது. மீதிப் பேருக்குச் சிக்கல் இருந்தும் இதில் அகப்படவில்லை. ஆகவே இது நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல.

தனிப் படுக்கையில் தூங்குகிறதா என்ற கேள்வி நம் வீடுகளுக்குப் பொருந்தாது. பாட்டியோடு ஒரே பாயில் படுப்பது இங்கே சிக்கலே இல்லை. அதனால் ஏறிய மதிப்பெண்ணைத் தனியே குறித்துவையுங்கள்.

கூட்டுத்தொகை குறைவாக இருந்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: பெரும்பாலான இரவுகளில் சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெற்றோர் பார்த்தது மட்டுமே இந்தத் தாளில் ஏறும். இருட்டில் சத்தமில்லாமல் விழித்துக் கிடக்கும் பிள்ளையை யார் பார்ப்பது? "நேற்று இரவு முழித்திருந்தாயா, கண்ணு?" என்று கேளுங்கள். சொன்ன பதிலை அதே தாளின் ஓரத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.