சீனி போடாத பிஸ்கட்: வன்னிச் சமையலறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசுவமடுவில் இருக்கும் என் மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கிளினிக்கில் ஒருமுறை கடிந்துகொண்டார்கள் என்று தேநீருக்குச் சீனி போடுவதை நிறுத்தினார், பாணை விட்டார். அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் நான் போனபோது, பிளேன்டீயில் கிராக்கர் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு அல்ல, நாங்கள் கதைத்து முடிப்பதற்குள் எட்டு. நான் பார்ப்பதைக் கண்டதும், "இது சீனி போடாத பிஸ்கட், பிள்ளை. கடைக்காரத் தம்பியே பார்த்து எடுத்துத் தந்தான்" என்றார்.

பக்கற்றைத் திருப்பி வாசித்தேன். இனிப்பு இல்லைதான். ஆனால் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் மாச்சத்து. பொருட்களின் பட்டியலில் முதலில் கோதுமை மா, அடுத்தது தாவரக் கொழுப்பு. தவிடு நீக்கிய கோதுமை மா வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாக மாற அதிக நேரம் எடுக்காது. மாமி பாணை விட்டுவிட்டு, அதே மாவைக் காய்ந்த வடிவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்படிப்பட்ட தவறுகளை வீட்டுக்கு வீடு காண்கிறேன், என் வீடும் அடக்கம். உடம்பைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் செய்யும் தவறுகள் அல்ல இவை. கவலைப்பட்டு, காசு செலவழித்துச் செய்பவை. பக்கற்றை நம்பும் பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் மறக்க முடியாது. இடம்பெயர்ந்த காலமெல்லாம் உயிரைக் காப்பாற்றியது நிவாரணம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே மா றொட்டி சாப்பிட்டு, சீனித் தேநீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாகிவிட்டார்கள். நாக்கு மட்டும் இன்னும் முகாமை விட்டு வரவில்லை.

இனித் தவறுகளுக்கு வருகிறேன். பெரியது, முன்பக்கத்தை வாசித்துவிட்டுக் காசைக் கொடுப்பது. முன்பக்கத்தில் குரக்கன் கதிர் ஆடும், பச்சை இலை மினுங்கும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில்தான் விசயம் இருக்கிறது. அங்கே பொருட்களை நிறைப்படி எழுதுவார்கள். அதிகம் உள்ளது முதலில், குறைந்தது கடைசியில். கோதுமை மா, சீனி, கொழுப்பு எல்லாம் வந்து போன பிறகு குரக்கன் தலைகாட்டினால், கையில் இருப்பது கோதுமை பிஸ்கட். நிறத்தையும் நம்ப வேண்டாம். மண்ணிறப் பாண் எல்லாம் தவிட்டுப் பாண் அல்ல. கருக்கிய சீனிச் சாயம் சேர்த்தாலும் அந்த நிறம் வரும். இடியப்ப மாப் பக்கற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்: சிவப்பரிசி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது?

சீனியும் ஒரு பெயரில் வராது. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பிரக்டோஸ், மோல்டோடெக்ஸ்ட்ரின் என்று நாலு பெயரில் பிரிந்து நிற்கும்போது ஒவ்வொன்றின் நிறையும் குறைவு, ஆகவே ஒன்றும் முதலிடத்துக்கு வராது. மோல்டோடெக்ஸ்ட்ரின் நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது. இரத்தத்தில் சீனியை மட்டும் வேகமாக ஏற்றும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு 'உயரம், மூளை, பலம்' என்று சொல்லிக் கலக்கிக் கொடுக்கும் மோல்ட் மாவின் பேணியை இன்றைக்கே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனியும் போடும் அம்மாமார் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் கோபம் வரும், கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

சோடா, ஜூஸ் போத்தல்களில் நிற வட்டம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 1 முதல் இலங்கையில் இது கட்டாயம். 100 மில்லிலீட்டரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிவப்பைத் தள்ளிவிட்டுச் செம்மஞ்சளை நிம்மதியாக எடுப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 மில்லிக்கு 8 கிராம் என்றாலும் செம்மஞ்சள்தான். 400 மில்லிப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி. சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25க்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வட்டம் சொல்வது 100 மில்லிக்கு. நாங்கள் குடிப்பது போத்தலை. சோடாவே தொடுவதில்லை என்று பெருமைப்படுபவர் நாளுக்கு நாலு தேநீரும் ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டியும் என்றால், அவரும் அந்த எல்லையில்தான் நிற்கிறார்.

உப்பு விசயம் இதைவிட மறைவானது. பக்கற்றில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று எழுதியிருப்பார்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 900 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு. ஒரு நாளுக்கு 5 கிராம்தான் எல்லை. அந்தக் கணக்கு 'ஒரு பரிமாறலுக்கு' என்றிருந்தால், பக்கற்றில் எத்தனை பரிமாறல் என்றும் பாருங்கள். நூடில்ஸைப் பாதியாகப் பிரித்துச் சாப்பிட்ட பிள்ளையை நான் கண்டதில்லை. சோயா மீட்டை இதற்காக முழுதாக ஒதுக்கவும் தேவையில்லை. எண்ணெய் எடுத்த சோயா மா என்பதால் புரதம் நிறைய உண்டு. வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கூடவே வரும் சுவைத்தூளைக் குப்பையில் போட்டுவிட்டுச் சொந்தத் தூளில் கறி வையுங்கள்.

'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று எண்ணெய்ப் போத்தலில் இருப்பது பொய்யல்ல, வீண் பெருமை. கொலஸ்ட்ரோல் மிருகங்களில் இருந்து வருவது. எந்தத் தாவர எண்ணெயிலும் பெயருக்குத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. பாம் எண்ணெயில் அது பாதியளவு. தேங்காய் எண்ணெயில் அதைவிடக் கூட, 80 சதவீதத்துக்கு மேல். இதைச் சொன்னால் ஊரில் பகை வரும் என்று தெரியும். சம்பலைக் கைவிடச் சொல்லவில்லை; பொரிப்பதைக் குறையுங்கள், இடைக்கிடை நல்லெண்ணெய்க்கு மாறுங்கள் என்கிறேன். எள்ளு எங்கள் மண்ணில் விளைவதுதானே.

ஊர்ச் சாப்பாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்பதும் தவறுதான். இதில் நானும் நெடுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன். குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் உண்டு, ஆனால் அதுவும் தானியம். சீனி வருத்தக்காரர் ஒரு நீத்துப்பெட்டிக் குரக்கன் புட்டை முழுதாக முடித்தால் சீனி ஏறத்தான் செய்யும். பனங்கட்டி 'சீனி இல்லை' என்று நம்பிக் கடித்துக் குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அதில் பெரும்பகுதி கடைச் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். நாயாற்றுக் கருவாட்டையும் சமைக்க முன் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவ வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதை அவ்வப்போது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இத்தனையையும்விட எனக்கு வலிக்கும் தவறு ஒன்று உண்டு. காலபோக அறுவடை முடிய, இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லை வயல் வரம்பிலேயே லொறிக்காரருக்கு ஏற்றிவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து, பளபளவென்று தீட்டிய வெள்ளையரிசியைக் கடையில் மூட்டையாக வாங்குகிறோம். காலையில் பசும்பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டு, திரும்பும் வழியில் பால்மா வாங்குகிறோம். கடன், உரக்காசு, பள்ளிச் செலவு எல்லாம் எனக்கும் தெரியும்; எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்ல முடியாது. வீட்டுத் தேவைக்கு நாலைந்து மூட்டை ஒதுக்கலாம். சிவப்பு நெல்லாக இருந்தால் புழுக்கி, ஊர் மில்லில் "அதிகம் தீட்ட வேண்டாம், அண்ணை" என்று பக்கத்தில் நின்று சொல்லலாம். புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2022ஐ நினைத்தாவது, பிள்ளைகளுக்கு ஒரு போத்தல் பாலை நிறுத்தி வைக்கலாம்.

மாமியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பிஸ்கட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். "அப்படியென்றால் பின்னேரம் எதைத்தான் சாப்பிடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குசினி மூலையில் பேணி நிறையக் கௌபி இருந்தது, அவருடைய சொந்தத் தோட்டத்துக் கௌபி. ஊறவைத்து அவித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து ஒரு கையளவு எடுத்தால் போதும். மாச்சத்து அதிலும் உண்டுதான், ஆனால் நாரும் புரதமும் கூட இருப்பதால் சீனி மெதுவாக ஏறும். மருந்தை மட்டும் கிளினிக்கில் சொல்லாமல் குறைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

போன கிழமை போனபோது மேசையில் அவித்த கௌபி இருந்தது. பிஸ்கட் பக்கற் அலுமாரிக்குப் போயிருந்தது. அது வந்து போகிறவர்களுக்காம். தேநீரோடு எனக்கு நாலு வைத்துத் தந்தார்.