பழைய ஸ்பீடு போட்டைத் தேற்றுவது எப்படி: பின்பலகை முதல் புரொப்பெல்லர் வரை

பூவாறு, கோவளம், விழிஞ்ஞம் பக்கம் சுற்றுலாவுக்கு ஓடி ஓய்ந்த ஸ்பீடு போட்டுகள் அவ்வப்போது விலைக்கு வரும். பதினாறு, பதினேழு அடி நீளம், ஆழமான வி வடிவ அடிப்பகுதி, பின்னால் வெளியே தொங்கும் மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே மழைத்தண்ணீரும் காய்ந்த ஓலையும் கிடக்கும். விற்கிறவர் எஞ்சினைத்தான் காட்டுவார். "சாவியைத் திருப்பினா போதும்ணே, பிடிச்சுக்கும்" என்பார். வாங்கப் போகிறவர் கண்ணும் அங்கேதான் இருக்கும். அந்தக் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லத்தான் இந்தப் பதிவு. படகின் உடல் சரியில்லாமல் எஞ்சினில் போடும் பணம் தண்ணீரில் போட்ட பணம். ஆகவே வேலையின் வரிசை இதுதான்: உடல், அப்புறம் எஞ்சின், கடைசியில் உயரமும் புரொப்பெல்லரும்.

குமரிக் கடலோரத்தில், நீரோடியிலிருந்து தேங்காப்பட்டணம் வரை அவுட்போர்டு பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் ஃபைபர் வேலைக்காரர்களுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் கை பழகியது வள்ளத்தில். வள்ளத்து எஞ்சின் வலையையும் பாரத்தையும் சுமந்து நிதானமாகத் தள்ள வேண்டும். ஸ்பீடு போட் தண்ணீரின் மேல் ஏறி, அடியில் கொஞ்சம் மட்டும் நனைய ஓட வேண்டும். ரே ஹண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வகுத்த ஆழமான வி அடியோடு 'மோப்பி' என்ற படகு 1960-இல் மயாமி–நசாவ் கடல் பந்தயத்தில் ஜெயித்தது. அதற்கப்புறம் வந்த வேகப் படகுகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். அலையில் அடி வாங்காமல் ஓடும். ஆனால் பின்பகுதியில் சின்னக் கோணல் இருந்தாலும் வேகத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

1. பின்பலகையைத் தட்டுங்கள்

எஞ்சின் தொங்கும் பின்பலகைதான் முதல் பரிசோதனை. வெளியே பார்க்க ஃபைபர். உள்ளே பெரும்பாலும் பிளைவுட். நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினையும், அது தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். போல்ட் ஓட்டை, தண்ணீர் வடியும் அடைப்பான் ஓட்டை, ஏணிக்கு அடித்த திருகு என ஏதாவது ஒன்றின் வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே உளுத்துப்போகும்.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று சொல்லும். கெட்ட இடம் 'பொத்' என்று அமுங்கும். அடுத்து, எஞ்சினைப் பாதி தூக்கிவைத்து அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் உள்ளே குனிந்து, பலகையும் தரையும் சேரும் மூலையைப் பார்க்கட்டும். அங்கே மயிரிழை விரிசல் திறந்து மூடினால் சங்கதி முடிந்தது. சந்தேகம் இருந்தால் உட்புறத்தில், தாழ்வான இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வெளிவரும் தூள் வெளிறி, மர வாசனையோடு உதிர்ந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக டிரில் பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் பலகையை மாற்றத்தான் வேண்டும். வாங்கும் முன்பே இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மாற்றுவது என்று ஆகிவிட்டதா? எஞ்சினை இறக்குங்கள். படகை மட்டம் பார்த்து, அடிப்பகுதி முழுக்கத் தாங்கும்படி கட்டை கொடுத்து நிறுத்துங்கள். கோணலாக நிற்கும்போது ரெசின் (ஃபைபரை ஒட்டி இறுகும் பிசின்) இறுகினால் கோணலும் அதோடு இறுகிவிடும். பிறகு உட்புற ஃபைபர் தோலை, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பு விட்டு கிரைண்டரில் அறுத்தெடுங்கள். வெளித்தோலைத் தொட வேண்டாம். படகின் வடிவத்தைக் காப்பது அதுதான். உளுத்த மரத்தை உளியால் சுரண்டி, வெளித்தோலின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்குங்கள். ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும்.

அட்டையில் அச்சு வெட்டி, ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் இரண்டு பலகை எடுங்கள். 19 மி.மீ. இரண்டு சேர்ந்தால் 38 மி.மீ. பழைய பலகையின் கனத்தை முன்பே அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவிலும், வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவிலும் ரெசினில் நனைத்த ஃபைபர் மேட் ஒரு அடுக்கு வரட்டும். போல்ட் ஓட்டை வழியாகவே நீள போல்ட் போட்டு இறுக்கி அழுத்தலாம்.

ரெசின் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் ரெசின், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), கேட்டலிஸ்ட் (இறுகவைப்பது) என மூன்றாகக் கொடுத்தால், கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் தனித்தனிக் குச்சி, தனித்தனி அளவுக் குப்பி. கேட்டலிஸ்ட் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம், அதாவது ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து முதல் இருபது கிராம். உச்சி வெயிலில் குறைவாகப் போடுங்கள். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், பாத்திரத்திலேயே புகைந்து கல்லாகிவிடும். இன்னொன்று, இது மழைக்கால வேலை இல்லை. நம்ம பக்கம் தென்மேற்குப் பருவமும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காற்றில் செய்தால் ஒட்டு பிடிக்கும்.

பலகை இறுகியதும் மூலைகளில் நார் கலந்த ரெசின் பசையை இழுத்து வளைவாக்கி, அதன் மேல் மேட்டும் நெய்த துணியும் மாறி மாறிப் போட்டு, பக்கச் சுவர், தரை வரை கொண்டுபோய் ஒட்டுங்கள். செங்குத்து மூலையில் ஃபைபர் மடங்கி நிற்காது, காற்று தங்கும். எஞ்சின் போல்ட்டுக்கான ஓட்டைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, கெட்டி ரெசினால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளைப்பது நல்ல பழக்கம். இனி அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. பாலியூரிதேன் சீலன்ட் தடவிப் போல்ட்டை முடுக்குங்கள்.

தரைக்கு அடியில் ஓடும் நெடுக்குக் கட்டைகளுக்கும் இதே தட்டல் சோதனைதான். அங்கே நிரப்பிய ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் பிடுங்கி எறியுங்கள். அந்தக் கனத்தோடு எந்த எஞ்சினாலும் படகைத் தண்ணீர்மேல் ஏற்ற முடியாது.

2. அடிப்பகுதி நேராக இருக்கிறதா?

கொத்தனார் வைத்திருக்கும் நீள அலுமினிய மட்டப்பட்டை ஒன்று வாங்கி வாருங்கள். படகின் அடியில், பின்முனையிலிருந்து முன்னோக்கி ஐந்து அடிக்கு நெடுக்காக வைத்துப் பாருங்கள். பட்டைக்கும் ஃபைபருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. பின்முனை கீழ்நோக்கி வளைந்து நடுவில் இடைவெளி தெரிந்தால் அணியம் (படகின் முன்முனை) அமுங்கி ஓடும், வேகம் ஏறாது. நடுவில் புடைத்து இரு முனையிலும் பட்டை ஆடினால், வேகம் பிடித்ததும் அணியம் எழும்பி எழும்பி விழும். டிரெய்லரில் வருஷக்கணக்காகத் தப்பான இடத்தில் கட்டை கொடுத்து நிறுத்திய படகுகளில் இது சாதாரணம். இரண்டு மூன்று மி.மீ. தானே என்று விடாதீர்கள். எபாக்ஸி பட்டி போட்டு, நீளப் பலகையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து நேராக்குங்கள். பின்முனை விளிம்பு உருண்டு இருந்தால் கூராக்குங்கள். தண்ணீர் அங்கே சட்டென்று விட்டுப் பிரிய வேண்டும். மேலே அடிக்கிற பெயின்ட்டின் நிறம் உங்கள் இஷ்டம். அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

3. எஞ்சினைத் தொடும் முன் கம்ப்ரஷன்

ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, கில் சுவிட்ச் (எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) கயிற்றை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கேஜில் வரும் எண், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம், எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மேலே போகலாம். 120, 118, 85 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள். அந்த எஞ்சினை டியூன் செய்வது வீண்.

கியர் எண்ணெயைக் கீழ்த் திருகு வழியாக வடியுங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெயைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழிகிறவரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கும்.

தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை யோசிக்காமல் மாற்றுங்கள். நம் கடலோரத் தண்ணீரில் மணல் அதிகம், ஒரு சீசனில் இறக்கை நுனி தேய்ந்துவிடும். புதியதைக் கூட்டுக்குள் இறக்கும்போது ஷாஃப்ட்டை அது சுற்றும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். இறக்கைகள் சரியான பக்கம் மடங்கும். பழைய இம்பெல்லரில் இறக்கை ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே குளிர்விக்கும் பாதையில் எங்கோ சிக்கியிருக்கிறது. தேடி எடுத்துவிட்டுத்தான் மூடவேண்டும். தண்ணீர் இல்லாமல் எஞ்சினைச் 'சும்மா ஒரு நிமிஷம்' ஓட்டிப் பார்ப்பது இம்பெல்லரைக் கொல்லும். டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள்.

கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவி, மூன்றின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்யுங்கள். ஒன்று பின்தங்கினால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்து போகும் எண்ணெயும் குறையும், பிஸ்டன் ஓட்டையாகும். இப்போது பங்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து உரிக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம்களையும் மாற்றி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள்.

எண்ணெய் டிசி-டபிள்யூ3 முத்திரையுள்ள அவுட்போர்டு எண்ணெயாக இருக்கட்டும், பைக்குக்கான டூ-டி வேண்டாம். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் எஞ்சின்களில் பொதுவாக 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. பிஸ்டன் ரிங் மாற்றியிருந்தால் முதல் பத்து மணி நேரம் 25-க்கு 1 என்பது பல எஞ்சின்களுக்குச் சொல்லும் அளவு. உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் பெரிது.

4. உயரமும் புரொப்பெல்லரும்

எஞ்சின் காலில், புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். தொடக்கத்தில் அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஒரு அங்குலம் மேலே இருக்கட்டும். எஞ்சின் தாழ்ந்திருந்தால் கால் முழுக்கத் தண்ணீரை உழும். உயர்ந்தால் உராய்வு குறையும், வேகம் கூடும். அளவு மீறினால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைப் பிடித்து எஞ்சின் அலறும். ஒவ்வொரு போல்ட் ஓட்டையாக உயர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் ஒரு ஓட்டை இறக்கிவிடுங்கள்.

இனி டேகோமீட்டர். வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் பெட்ரோலோடும் முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள். கையேட்டில் 5000–5500 சுற்று என்று இருந்து உங்களுக்கு 4800 தான் வருகிறது என்றால் பிட்ச் (நழுவாமல் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) அதிகம். ஒரு அங்குலப் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். எல்லையைத் தாண்டி அலறினால் பிட்சைக் கூட்டுங்கள். நிறையப் பேர் வேகம் வேண்டும் என்று பெரிய பிட்ச் வாங்கி, மூச்சுத் திணறும் எஞ்சினோடு ஓட்டுகிறார்கள். எனக்கு அது புரியவே இல்லை.

கணக்கு எளிது. 19 அங்குலப் பிட்ச், கியர் விகிதம் 2, எஞ்சின் 5500 சுற்று. புரொப்பெல்லர் சுற்றுவது 2750. இதை 19-ஆல் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு 79.6 கி.மீ. போனில் ஜிபிஎஸ் 70 காட்டினால் நழுவல் 12 சதவீதம். பத்திலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் படகு நன்றாக அமைந்திருக்கிறது. இருபத்தைந்து என்று வந்தால் புரொப்பெல்லர் இறக்கை வளைந்திருக்கிறதா, எஞ்சின் உயரம் மிஞ்சிவிட்டதா, அடி கோணலா என்று மறுபடி பாருங்கள்.

5. முதல் ஓட்டம்

பதிவுச் சான்றும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி எஞ்சின் படகுக்குப் பதிவு கட்டாயம். கேரளத்தில் மாரிடைம் போர்டுதான் அதைப் பார்க்கிறது. படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆளேற்றும் ஆசை வந்தால், 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகைப் பற்றிய செய்திகளை ஒருமுறை படியுங்கள்.

நெய்யாற்றின் முகத்துவாரத்தில் சுற்றுலாப் படகுகள் கிளம்பும் முன், விடிந்ததும் இறக்குங்கள். பொழி ஓரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே நடுவில் ஓட்டுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, கில் சுவிட்ச் கயிற்றை உடம்போடு மாட்டுங்கள். கிளம்பும்போது எஞ்சின் காலை உள்ளே இழுத்து வைத்து, படகு தண்ணீர்மேல் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். ஸ்டியரிங் லேசாகும், சுற்று ஏறும். அணியம் துள்ள ஆரம்பித்தால் கொஞ்சம் உள்ளே இழுங்கள். இடமும் வலமுமாகப் படகு ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கால் அதோடு மல்லுக்கட்டாமல் த்ராட்டிலை மெல்லக் குறையுங்கள். அந்த ஆட்டம் நின்ற பிறகு கரைக்கு வந்து ஸ்டியரிங் கேபிளில் லூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. ஏதாவது ஒன்று வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டரை மறுபடி கழற்றும்வரை முழு த்ராட்டில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் எஞ்சினை ஓட்டி உப்பைக் கழுவுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு நாளாகும் என்றால் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை வடித்துவிடுங்கள்.