திரை முழுக்க ‘வைரஸ்’ எச்சரிக்கையா? போலியை அடையாளம் கண்டு மூடுவது எப்படி

படம் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. மைக்ரோசாஃப்ட் சின்னம், ‘5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்ற வரி, அலறும் குரல், கீழே ஒரு தொலைபேசி எண். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பா இதைப் பார்த்தால் பதறத்தான் செய்வார்கள். அவர்களுடன் உட்கார்ந்து இந்தப் படிகளை ஒருமுறை செய்து காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் பதிய வையுங்கள்: ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கணினிக்குள் புகுந்து வைரஸ் தேட முடியாது. உலாவி (குரோம் போன்ற பிரவுசர்) அதற்கு இடம் கொடுப்பதில்லை. ‘சிங்கப்பூர், விண்டோஸ், குரோம்’ என்று உங்கள் விவரத்தைச் சரியாகக் காட்டுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். நீங்கள் போகும் எந்தத் தளத்துக்கும் அந்த விவரம் தெரியும். வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்தில் நடந்து போகிறவர் உங்கள் வீட்டு எண்ணைப் படிக்கலாம், அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்படித்தான் இதுவும். திரையில் ஓடும் அந்த ‘ஸ்கேன்’ வெறும் அசைபடம்.

படி 1: உண்மையா, போலியா?

தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போலி. தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. உண்மையான எச்சரிக்கை விண்டோஸ் செக்யூரிட்டி என்ற செயலியிலிருந்து வரும். சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் அந்தச் செயலியை நீங்களே தேடித் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் பச்சையாக இருந்து, உலாவி மட்டும் கத்தினால் கத்துவது ஒரு பக்கம்தான்.

குரோமும் ஆபத்தான தளங்களைத் தடுக்கும்போது சிவப்புப் பக்கம் காட்டும். அது உண்மையானது. திரும்பிப் போகச் சொல்லுமே தவிர, யாரையும் அழைக்கவோ எதையும் பதிவிறக்கவோ சொல்லாது.

படி 2: மூடுவது

பக்கத்துக்குள் தெரியும் பெருக்கல் குறியையோ ‘கேன்சல்’ பொத்தானையோ தொடாதீர்கள். அவையும் அந்தப் பக்கத்தின் பகுதிதான், அழுத்தினால் பதிவிறக்கம் தொடங்கலாம். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் உலாவியைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். மறுபடி உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

படி 3: மூலையில் வந்துகொண்டே இருந்தால்

பலரையும் ஏமாற்றுவது இதுதான். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்’ என்று ஒரு தளம் கேட்டிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். உண்மையில் அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டோம். அதன் பிறகு, அந்தத் தளத்தை மூடினாலும், விண்டோஸ் அறிவிப்பு வரும் அதே வலது மூலையில் ‘உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது’ என்று வந்துகொண்டே இருக்கும். உற்றுப் பாருங்கள்: குரோம் என்ற பெயரும் ஒரு தள முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்குங்கள். தளங்கள் இனி அனுமதியே கேட்கக் கூடாது என்றும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன்.

படி 4: ஏதாவது நிறுவிவிட்டீர்களா?

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய், தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். அன்றைக்குப் புதிதாக வந்த ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ வகைகளை நீக்குங்கள். உலாவியின் நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்ஸ்) பாருங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு முழு ஸ்கேன். அதே செயலியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் பகுதிக்குள், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி ஒன்று உண்டு. அதை இயக்கி வையுங்கள்.

‘ஸ்கேன் செய்ததில் நூற்றுக்கணக்கில் கோளாறு காட்டியதே’ என்று தயங்குகிறவர்களுக்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் நடந்த கணினிப் பரிசோதனையில், தொடக்கத்தில் கேட்ட 4 கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தாலே வைரஸ் அறிகுறி என்று முடிவு வந்ததாக மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2019இல் அந்நிறுவனமும் சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து 35 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்கள் போலி விண்டோஸ் எச்சரிக்கைகளைக் காட்டிப் பழுதுநீக்கச் சேவை விற்றதாக எழுந்த வழக்கில் 26 மில்லியன். பயமுறுத்தி விற்கும் மென்பொருளின் ‘கண்டுபிடிப்பை’ நம்பாதீர்கள்.

படி 5: பேசிவிட்டால், பணம் கட்டிவிட்டால்

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து கணினியை இயக்க விடும் செயலி வழியாக யாரையாவது உள்ளே விட்டிருந்தால் உடனே வைஃபையைத் துண்டியுங்கள். வெட்கப்பட்டு நேரம் கடத்த வேண்டாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணில் வங்கியை அழையுங்கள். கணக்கை நீங்களே முடக்கும் ‘கில் ஸ்விட்ச்’ வசதியும் நம் சிங்கப்பூர் வங்கிகளில் இருக்கிறது. கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸையும் சேர்த்து. காவல்துறையில் புகார் கொடுங்கள்.

மோசடியா இல்லையா என்று தெரியாமல் குழம்பினால், சிங்கப்பூரில் 24 மணி நேரமும் இயங்கும் ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண் 1799. பெற்றோரின் கைபேசியில் இதை இன்றே பதிந்து கொடுங்கள், கணினித் திரையின் ஓரத்திலும் ஒட்டி வையுங்கள்.