கிரிப்பர் உடையாமல் இருக்க கொலிஷன் சென்சார்: மாட்டுவது, காற்று வைப்பது, சோதிப்பது

கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறையில், பம்ப் காஸ்டிங்கை சிஎன்சி லேத்தில் ஏற்றி இறக்க ஒரு ரோபோ வைத்திருக்கிறோம். போன ஆடியில் ஒரு நாள், காஸ்டிங்கைக் கவ்வும் லேத் சக் முழுசாகத் திறக்காத நேரத்தில் கை உள்ளே போய்விட்டது. கை நுனியில் காஸ்டிங்கைப் பிடிக்கும் கிரிப்பரின் விரல் இரண்டும் வளைந்து போயின. புது விரல் வெட்டி வரும்வரை ரோபோ சும்மா நின்றது. அதற்குப் பிறகுதான் கொலிஷன் சென்சார் வாங்கினோம். முதல் மூன்று வாரம் அதோடு பட்ட பாடு புதிதாக மாட்டுகிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"மோட்டார் கரண்டைப் பார்த்து மோதலைக் கண்டுபிடிக்கும் வசதி ரோபோவிலேயே இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். எங்கள் ரோபோவிலும் இருந்தது, அன்றைக்கு வேலையும் செய்தது. ஆனால் மோதியது தெரிந்த பிறகும் கை கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். அந்தத் தூரத்தை விரல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கொலிஷன் சென்சார் ரோபோ கையின் நுனித் தட்டான ஃபிளாஞ்சுக்கும் கிரிப்பருக்கும் நடுவில் உட்காரும். உள்ளே காற்றழுத்தத்தில் ஒரு பிஸ்டன் இறுக்கிப் பிடித்திருக்கும். அளவுக்கு மேல் விசை வந்தால் அது சாய்ந்து கொடுக்கும், கூடவே ஸ்விட்சும் திறந்து ரோபோவை நிறுத்தும். சாய்ந்து கொடுக்கும் தூரம் கை நிற்கும் தூரத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இது கருவியைக் காக்கத்தான், ஆளைக் காக்க அல்ல. இதை நம்பி வேலியையோ கதவு திறந்தால் ரோபோவை நிறுத்தும் இன்டர்லாக்கையோ எடுத்துவிடாதீர்கள்.

1. கணக்கு

கிரிப்பர் 3 கிலோ, காஸ்டிங் 2 கிலோ, மொத்தம் 5 கிலோ. எடை மையம் சென்சார் முகத்திலிருந்து 150 மி.மீ. கை சும்மா நிற்கும்போது சென்சாரைச் சாய்க்கப் பார்க்கும் மொமென்ட் (திருப்பு விசை) 5 × 9.81 × 0.15, அதாவது சுமார் 7.4 நியூட்டன் மீட்டர். கை வேகமெடுக்கும்போது அது இரட்டிப்பாகும் என்று வைத்து 15 எடுத்தேன். அதற்கு மேல் பாதி சேர்த்து, சென்சார் சாயாமல் பிடிக்க வேண்டியது 22 என்று முடிவு செய்தேன்.

இதை விரல் நுனிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நுனி 300 மி.மீ. தள்ளி இருக்கிறது. 22-ஐ 0.3-ஆல் வகுத்தால் 73 நியூட்டன், ஏறக்குறைய ஏழரைக் கிலோ விசை. எங்கள் விரல் அதைத் தாங்கும். ஆனால் மோதல் சென்சாருக்குப் பக்கத்தில், 60 மி.மீ.-இல் நடந்தால் 37 கிலோ விசை வந்தால்தான் சாயும். அதனால் கிரிப்பரின் பின்பக்கம் எதிலும் இடிக்காதபடி புரோகிராம் எழுதுவது நம் பொறுப்பு.

2. மாட்டுவது

எங்கள் ஃபிளாஞ்ச் 50 மி.மீ. வட்டத்தில் நாலு எம்6 போல்ட். நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் கடைந்து போட்டோம். சென்சாரின் உயரம் சேர்ந்ததால் டூல் ஃபிரேமையும் (கருவியின் நுனி எங்கே என்று ரோபோவுக்குச் சொல்லும் அளவு), ரோபோவில் கொடுத்த எடையையும் எடை மையத்தையும் மாற்ற வேண்டும். கிரிப்பருக்குப் போகும் டியூபையும் ஒயரையும் இறுக்கிக் கட்டாதீர்கள். சாய வேண்டிய நேரத்தில் டியூபே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று தளர்வு விடுங்கள்.

3. காற்று

நாங்கள் சிக்கிக்கொண்டது இங்கேதான். கையில் காசு குறைவு என்று சின்ன அளவு சென்சார் வாங்கியிருந்தோம். அதில் 22 நியூட்டன் மீட்டர் கிடைக்க 5.5 பார் வைக்க வேண்டியிருந்தது. கம்ப்ரசர் 7 பாரில் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் மட்டும், எதிலும் மோதாமலே சென்சார் ட்ரிப் ஆகி ரோபோ நின்றது. "ஏனுங்க, சும்மா சும்மா நிக்குதுங்க, கழட்டிப் போட்டரலாமுங்களா?" என்று ஆபரேட்டர் தம்பி தினமும் கேட்டான். ஒயரை மாற்றினேன், புரோகிராமில் வேகத்தைக் குறைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு சாயங்காலம், அழுத்தத்தை வைக்கும் ரெகுலேட்டரின் கேஜையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் துடைக்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏர் கன்னை அழுத்தினார்கள். முள் 3.5-க்கு இறங்கியது. லைனின் கடைசியில் எங்கள் ரோபோ. சென்சார் பிடிப்பு ஏறக்குறைய காற்றழுத்தத்தோடு சேர்ந்தே இறங்கும் என்பதால், 22 என்பது 14 ஆகிவிடுகிறது. கை வேகமெடுக்கவே 15 தாங்க வேண்டுமே!

ஒரு அளவு பெரிய சென்சாராக மாற்றினோம். அதில் அதே 22-க்கு 2.5 பார் போதும், லைன் 3.5-க்கு இறங்கினாலும் ரெகுலேட்டருக்கு மிச்சம் இருக்கிறது. வாங்கும்போது உங்களுக்கு வேண்டிய பிடிப்பு அழுத்த வரம்பின் நடுவில் விழுகிற மாதிரி மாடலைத் தேர்ந்தெடுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: ஃபில்டர், செக் வால்வ் (காற்றைத் திரும்ப விடாத ஒருவழி வால்வ்), சின்ன டேங்க், ரெகுலேட்டர், சென்சார். ரெகுலேட்டர் பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ட்ரிப் தொல்லை தாங்காமல் யாராவது அழுத்தத்தைக் கூட்டினால், அடுத்த மோதலில் விரல்தான் வளையும்.

4. ஒயரிங்

ஸ்விட்ச் நார்மலி குளோஸ்டு, அதாவது சாயாதவரை மூடியே இருக்கும். ஒயர் அறுந்தாலும் ரோபோ நிற்க வேண்டும். இதைச் சாதாரண இன்புட்டில் கொடுத்துப் புரோகிராமில் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 50 மில்லிசெகண்ட் தாமதம் என்றாலே 50 மி.மீ. போய்விடும். ஃபனுக் ரோபோவில் இதற்கென்றே ஹேண்ட் புரோக்கன் இன்புட் இருக்கிறது. சாய்ந்தால் எஸ்ஆர்விஓ-006 அலாரம் வரும். கையில் பிடிக்கும் பென்டென்ட்டின் டெட்மேன் ஸ்விட்சைப் பிடித்து, ஷிப்ட் பட்டனோடு ரீசெட் அழுத்தி, ஷிப்ட் பட்டனை விடாமல் ரோபோ கையை மெதுவாக வெளியே ஜாக் செய்து (பட்டனால் நகர்த்தி) எடுக்க வேண்டும். மெனுவில் போய் அந்த வசதியையே நிறுத்தி வைப்பது வேண்டவே வேண்டாம்.

5. சோதனை

மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். ரோபோவை நிறுத்தி வைத்து, விரல் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டுப் பக்கவாட்டில் இழுங்கள். எங்கள் கணக்குப்படி ஏழரைக் கிலோவுக்குப் பக்கத்தில் சாய வேண்டும். எங்களுக்கு முதலில் 11-இல் சாய்ந்தது, டியூப் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு சென்சாரைத் திரும்ப உட்காரவைத்து, டயல் கேஜ் வைத்து நுனி பழைய இடத்துக்கே வருகிறதா என்று ஐந்து தடவை பாருங்கள். ஒவ்வொரு நிஜ மோதலுக்குப் பிறகும் இதைச் செய்யாமல் ஆட்டோவில் ஓட விடக்கூடாது.

பின்சேர்க்கை: பெருந்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ரெகுலேட்டரைக் குறைத்தும் சென்சார் இளகவே இல்லையாம். படம் அனுப்பச் சொன்னேன். செக் வால்வை ரெகுலேட்டருக்கும் சென்சாருக்கும் நடுவில் போட்டிருந்தார். கேஜ் 2 பார் காட்டும், ஆனால் உள்ளே அடைபட்ட காற்று பழைய அழுத்தத்திலேயே நிற்கும், சாயும்போது வெளியேறவும் வழியிருக்காது. வால்வை ரெகுலேட்டருக்கு முன்னால் மாற்றிப் போட்ட பிறகு, தராசில் 8 கிலோவில் சாய்கிறது என்று நேற்று பதில் வந்தது.