பழைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு மாற்றும்போது நம்ம கடற்கரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கீழக்கரையில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கையில் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். "காக்கா, கார்டு செத்துப்போச்சு, டிஸ்ப்ளேயே வரலை. வாப்பா ஏசுறாக" என்றான். பெட்டிக்குள் ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி. துபாயில் இருக்கும் அவன் மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது.

கார்டு சாகவில்லை. அவன் வீட்டில் இருப்பது ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்த டெஸ்க்டாப், மூன்றாம் தலைமுறை ஐ5, அதற்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 240 வாட். அந்தக் கார்டுக்கு மேலிருந்து தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டிய 8 பின் ஒயரே அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிடையாது. ஸ்லாட்டில் செருகினால் போதும் என்று நினைத்து ஆன் செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஆட்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள், எல்லோரும் செய்வது ஒரே தவறு: முதலில் கார்டை வாங்கிவிடுகிறார்கள், பிறகுதான் கேபினட்டைத் திறக்கிறார்கள். கார்டு கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை உள்ளே இருக்கின்றன, நம் ஊர்ப்பக்கம் அவற்றோடு உப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எஸ்எம்பிஎஸ். மதர்போர்டில் கார்டு செருகும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி ஒயர் வேண்டும், 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். இதில் பலர் ஏமாறுவது எஸ்எம்பிஎஸ் மேலே பெரிய எழுத்தில் இருக்கும் "450 வாட்" என்பதைப் பார்த்துத்தான். அதை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட்தான் உண்மையான பலம், ஏனென்றால் பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் கரண்டைத்தான். ஐ5 3470 பிராசசர் 77 வாட், 3050 8 ஜிபி கார்டு 130 வாட், இரண்டும் சேர்ந்து 207. மேலே 450 என்று எழுதியிருந்தும் பத்தவில்லை பாருங்கள். கேம் திறந்து ஐந்து நிமிடத்தில் பொட்டென்று ஆஃப் ஆகும் சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

"ஒயர் இல்லாவிட்டால் என்ன, கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அந்தக் கன்வெர்ட்டரைத் தயவுசெய்து தொடாதீர்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட்தான் அது தாங்கும். கார்டு 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். உருகிக் கருகிய கனெக்டரை நானே பிடுங்கி எடுத்திருக்கிறேன். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

அப்புறம், கழித்துக்கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வழக்கமான போர்டில் எஸ்எம்பிஎஸ் செருகும் இடத்தில் 24 பின் இருக்கும். சில பிராண்டட் போர்டுகளில் 6 அல்லது 8 பின்தான் இருக்கும், வெளியில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது, அதற்கென்றே இருக்கும் மாற்று ஒயர் தேட வேண்டும். ஒல்லி கேபினட் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமே வேறு, கார்டும் லோ புரொபைல் என்ற குட்டை வகையாக இருக்க வேண்டும். எந்தக் கேபினட்டாக இருந்தாலும் ஸ்கேல் வைத்து நீளத்தை அளந்துவிட்டுப் போங்கள், ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடித்துக்கொண்டு கார்டு உள்ளே போகாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

எஸ்எம்பிஎஸ் மாற்ற விருப்பமில்லை என்றால் தனி ஒயர் கேட்காத கார்டுகளுக்குள் நில்லுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இலேயே 6 ஜிபி என்று ஒன்று 2024-இல் வந்தது, 70 வாட், ஸ்லாட் கரண்டே போதும். ஜிடிஎக்ஸ் 1650-உம் 75 வாட், ஆனால் அதில் 6 பின் வைத்த மாடல்களும் இருக்கின்றன, படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6400 என்று 53 வாட்டில் ஒன்று இருக்கிறது, விலையைப் பார்த்து ஆசைப்படத் தோன்றும். பழைய போர்டுக்கு அது சரிப்படாது. ஸ்லாட் நீளமாக இருந்தாலும் அந்தக் கார்டு அதில் நாலே நாலு பாதையைத்தான் பயன்படுத்தும். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் (அந்த நீள ஸ்லாட்டின் முறைதான் அது) உள்ள புதுப் போர்டில் அந்த நாலு பாதை போதும், மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டில் பாதையின் வேகம் பாதி, இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் கால்வாசி. போதாததற்கு வீடியோவை என்கோடு செய்யும் பகுதியே அதில் இல்லை. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் கேம் ரெக்கார்ட் செய்கிறவர்களும் அதை வாங்கவே கூடாது. இன்டெல் ஆர்க் கார்டும் பழைய போர்டுக்கு ஆகாது, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (போர்டை முதலில் எழுப்பும் சாஃப்ட்வேர்) இல்லாவிட்டால் மிகவும் சுணங்கும். ஜிடி 1030 வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியில் மெமரி வகை ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா என்று பாருங்கள், அதே பெயரில் டிடிஆர்4 போட்டு விற்பது ரொம்ப மெதுவானது.

கார்டு நல்லது, கரண்டும் சரி, ஆனாலும் திரை கருப்பு. இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று பயாஸ். 2011, 12 காலத்துப் போர்டுகள் சிலவற்றில் புதுக் கார்டுகள் எதிர்பார்க்கும் யுஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் முறை ஒழுங்காக இல்லை, போர்டு கம்பெனி வெளியிட்ட கடைசி பயாஸ் அப்டேட்டைப் போட்ட பிறகு சில நேரம் சரியாகும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும், ஆகவே பேட்டரி நன்றாக இருக்கும் யுபிஎஸ்ஸில் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று மானிட்டர். நம்மிடம் இருக்கும் பழைய மானிட்டர்களில் நீல விஜிஏ மட்டும்தான் இருக்கும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளில் அந்தப் பழைய அனலாக் சிக்னலே கிடையாது, டிவிஐ ஓட்டை இருந்தாலும் சாதா டிவிஐ–விஜிஏ முனை வேலை செய்யாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர்தான் வேண்டும். கார்டு போட்ட பிறகும் மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே செருகிவைத்துவிட்டு "டிஸ்ப்ளே வரலை" என்று போன் செய்தவர்களும் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, உப்புக்கு வருவோம். வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்கத் துருவோடுதான் போராட்டம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி ரகப் பெயின்ட்டும் போட வேண்டியிருந்தது. அதே காற்றுதான் தொண்டியிலும் ஏர்வாடியிலும் மண்டபத்திலும் நம் ஜன்னல் வழியாக வந்து கேபினட் ஃபேன் இழுக்க இழுக்க உள்ளே போகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேசையைத் தடவினாலே பிசுபிசுக்கும். உப்புக்கு ஒரு குணம், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கடலோரத்தில் இரவில் அந்த அளவு சர்வ சாதாரணம். தூசியோடு படிந்த உப்பு அப்படிக் கரையும்போது கரண்ட் கடத்தும் ஒரு சேறாக மாறிவிடுகிறது. பத்து வருடம் காலியாகவே இருந்த ஸ்லாட்டுக்குள் பச்சை பூத்துக் கிடப்பது இதனால்தான். அதில் அப்படியே புதுக் கார்டைச் செருகினால் சில பின்கள் சரியாக ஒட்டாது, ஒரு நாள் டிஸ்ப்ளே வரும், ஒரு நாள் வராது, ஆள் கார்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் கார்டு போடும் முன்பு ஒரு மாலை நேரத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒதுக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொண்டு தொடங்குங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சிலும் ஈரம்தான். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் போகும். ஸ்லாட்டை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் அதன் தங்க முனையையும் அதே ஆல்கஹாலால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்தோ ஏசி வண்டியிலிருந்தோ கார்டைக் கொண்டுவந்தால் உடனே பிரிக்க வேண்டாம், குளிர்ந்த பொருளின் மேல் நம் காற்று வியர்த்து நிற்கும், கவரோடு ஒரு மணி நேரம் கிடக்கட்டும். வாரக்கணக்கில் ஆன் செய்யாமல் போட்டுவைப்பதும் கெடுதல், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடினால் அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்யாமல் புதுக் கார்டு போடாதீர்கள். யுபிஎஸ்ஸையும் கணக்குப் பாருங்கள், 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான், பேட்டரி பழசு என்றால் அதுவும் தாங்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை, நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளைக் கொண்டு கணக்குப் போட்டு நாணயம் சம்பாதிக்கும் மைனிங்கை நிறுத்தியபோது இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு ஏராளமாக வந்தன, ஆர்எக்ஸ் 570, 580 வகைகளில் அவை நிறைய. பழைய சிப்பில் பெயரை மட்டும் மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் பார்த்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள், பின்பக்கத் தகடும் எச்டிஎம்ஐ ஓட்டையும் துருவாக இருந்தால் கடலோரத்தில் இருந்த கார்டு, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் புதுக் கார்டுக்கு வாரண்டி இங்கே செல்லுமா என்று வாங்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். வாரண்டித் தாளில் துரு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் விஷயமும் வயதைப் பொறுத்தது. என்விடியா விண்டோஸ் 7-க்குப் புதுக் கேம் டிரைவர் கொடுப்பதை 2021 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு 2025 அக்டோபரோடு. 10 வரிசைக் கார்டை மலிவாகக் கேட்டு வாங்க இதுவே ஒரு காரணம், நல்ல விலை கொடுத்து வாங்காமல் இருக்கவும் இதுவே காரணம். ரேடியானிலிருந்து என்விடியாவுக்கோ அங்கிருந்து இங்கோ மாறினால் டிடியு என்ற சாஃப்ட்வேரைக் கொண்டு, சேஃப் மோடில் பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு மாறுங்கள்.

இவ்வளவும் செய்யும் முன்பு உங்களுக்குக் கார்டுதான் தேவையா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஆல்பம் டிசைன் செய்யும்போது சிஸ்டம் நிற்கிறது என்று கார்டு வாங்கக் கிளம்பினார். உள்ளே 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்கும் இருந்தன. ராமை 16 ஆக்கி ஒரு எஸ்எஸ்டி போட்டோம், கார்டுப் பேச்சையே அவர் அப்புறம் எடுக்கவில்லை.

அந்தப் பையன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவன் போர்டில் 24 பின்தான் இருந்தது, அது அவனுக்கு நல்லதாகப் போயிற்று. மதுரையிலிருந்து 8 பின் ஒயரோடு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்தான், கேபினட்டில் அது அளவாக உட்கார்ந்தது. ஸ்லாட்டைத் திறந்து காட்டியபோது உள்ளே பச்சையைப் பார்த்து அவனே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரோடு செருகி ஆன் செய்ததும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. இப்போது அவன் மேசை கடல் பார்த்த தெற்கு ஜன்னலை விட்டு உள் சுவர்ப் பக்கம் வந்துவிட்டது, இடத்தை மாற்றிக் கொடுத்தது அவன் வாப்பாதான்.