வேலையை விடாமல் எம்பிஏ: எந்தப் பிரிவை எடுப்பது?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவன் நான். வேலைக்குப் போய்க்கொண்டே எம்பிஏ முடித்ததால் தம்பிமார் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஸ்பெஷலைசேஷன் எடுக்கலாம்?"

தொலைதூரக் கல்வி என்றால் முதலில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா பாருங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம். முதல் வருடம் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது: கணக்கியல், மார்க்கெட்டிங், மனிதவளம், புள்ளியியல். புள்ளியியலை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

இரண்டாம் வருடப் பிரிவை, உங்கள் மேஜைக்கு வரும் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்சி (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் படிவம்), டாலர் ரேட் என்றே நாள் போகிறதா? ஃபைனான்ஸ், அதிலும் அந்நியச் செலாவணிப் பாடம் இருக்கிற இடம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவருக்கு ஆபரேஷன்ஸ். வேலூர் மருத்துவமனை அலுவலகத்தில் இருப்பவருக்கு ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட். சுலபம் என்று ஹெச்ஆர் எடுப்பவர்களும் உண்டு. தொழிலாளர் சட்டத்தைத் திறந்ததும் தெரியும் சங்கதி.

புராஜெக்டை உங்கள் கம்பெனியிலேயே செய்யுங்கள். நான் எடுத்தது, வெளிநாட்டுப் பணம் வர ஏன் தாமதமாகிறது என்பது. பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) உள்ள விவரம் எல்சியோடு ஒத்துப்போகாவிட்டால் வங்கி கேள்வி கேட்கும்; பணம் அங்கேயே நிற்கும். மேலாளரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். விலைப்பட்டியலை மட்டும் ரிப்போர்ட்டில் போட்டுவிடாதீர்கள்.